தொண்டி எண் 41

பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்துதான்.
வாள், நீளம், ஒன்று. வாள், குட்டை, ஒன்று.
உறையோடு. பக்கத்தில் ‘ஜோடி’ என்று
நானாகச் சேர்த்தேன்.
மலையாளத்தில் எழுதி, தமிழில் திட்டு வாங்கும்
கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷன் ரைட்டருக்கு
அவ்வளவு கற்பனை போதும்.

தோப்புக்கு நடுவே எல்லைக்கல்.
கிழக்கே அண்ணன் ஆறுச்சாமி, தமிழ்நாடு.
மேற்கே தங்கை பொன்னாத்தாள், கேரளம்.
கிணறு எந்த மாநிலம் என்று
இரண்டு தாசில்தாருக்கும் தெரியாது.
சித்திரை மதியம், யார் மோட்டாரை யார் நிறுத்தியதோ,
அவன் நீள வாளோடு கல்லைத் தாண்டிப்
பதினொரு வாழையைச் சாய்த்தான்.
அவள் குட்டை வாளோடு மறுபக்கம் போய்ச்
சொட்டுநீர்க் குழாயை முப்பதடி நறுக்கினாள்.
ரத்தம் இல்லை.
ஒன்றில் வாழைக்கறை, ஒன்றில் சேறு.

அப்பன் நாச்சிமுத்து சிங்கப்பூரில் பட்டாளத்து லாரி ஓட்டியவர்.
தோற்றவர்கள் குவித்துவிட்டுப் போன இரும்பிலிருந்து
இரண்டை உருவி வந்திருக்கிறார்.
பாகம் பிரித்த அன்று
மகனுக்குப் பெரியது, மகளுக்குச் சிறியது.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கோர்ட் அனுப்பிய நிபுணர் இட்டூப்பு சார்
திருச்சூரிலிருந்து வெள்ளைக் கையுறையோடு வந்தார்.
மேசையில் டீ கிளாஸ் வைக்கவிடவில்லை.
வாதியும் பிரதிவாதியுமான இருவரும்
பெஞ்சின் இரண்டு முனையில்.

ஜப்பானில், என்றார்,
இரண்டையும் சேர்த்து இடுப்பில் செருகப்
போர்க்குடிக்கு மட்டும்தான் உரிமை.
வியாபாரி குட்டை ஒன்றோடு நின்றுகொள்ள வேண்டும்.
அடுத்தவர் வீட்டுக்குப் போனால்
நீளம் வாசலோடு சரி.
குட்டை உள்ளே வரும்,
பாய்வரைக்கும், தலைமாடுவரைக்கும்.
எதிரிக்கு நீளம், மானம் போனால் தனக்கே குட்டை என்றார்.
உடனே தன்னைத் திருத்திக்கொண்டார்:
சினிமாவில் வருகிற அளவுக்கு இல்லை,
இருநூற்றைம்பது வருஷ அமைதியில்
பெரும்பாலும் சும்மா தொங்கின
உத்தியோகத்தின் அடையாளமாக.
நான் என் தொப்பியைப் பார்த்தேன்.
பிறகு ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறில் ஓர் அரசாணை,
இனி அணியக் கூடாது என்று.
இடுப்பு லேசானபோது எப்படி நடந்தார்கள்
என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கைப்பிடியின் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார்.
உள்ளே ஒளிந்திருந்த வால்பகுதி வெளியே வந்தது.
குட்டையில் கொல்லனின் பெயர்,
துரு பாதி தின்ற எழுத்து,
முந்நூறு வயதிருக்கும்.
நீளத்தில் ஆலை முத்திரையும் ஒரு நம்பரும்,
போர் அவசரத்தில் அடித்தது.
‘ஜோடி இல்லை ரைட்டரே.
குவியலில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்திருக்கும், அவ்வளவுதான்.
எதுவானாலும் கிராம்பெண்ணெய் தடவி வையுங்கள்,
இந்த ஈரக்காற்று தின்றுவிடும்.’

சிவப்பு மையால் ‘ஜோடி’யை அடித்தேன்.

கிணறு ஆளுக்கொரு நாள் என்று சமரசம் ஆனது.
அவரவர் வாள் அவரவருக்கு.
‘ஜோடி இல்லைன்னா பிரிக்கிறது சுலபமுங்க’
என்றாள் பொன்னாத்தாள்,
குட்டையை டவலில் சுருட்டிக்கொண்டு.
அண்ணனைக் கோபாலபுரம் சாவடியில் நிறுத்திவிட்டார்கள்.
இந்தப் பக்கத்துத் தாள் இருக்கிறது,
அந்தப் பக்கத்துத் தாள் எங்கே?
அரைமணி நேரத்தில் திரும்பி வந்தவன்
ஸ்டேஷன் வாசலில் நிலையோரமாக அதைச் சாத்திவிட்டு,
‘நாளைக்கு வர்றேனுங்க’ என்று போனான்.

மூன்று இடவப்பாதி முடிந்தது.
இன்ஸ்பெக்டர் இரண்டு பேர் மாறினார்கள்.
எழுதி உள்ளே வைத்தும் பார்த்தேன்.
ராத்திரி டியூட்டியில் எனக்கென்னவோ
அது வாசலில்தான் நிற்கிற மாதிரி,
உள்ளே யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மாதிரி.

போன வெள்ளிக்கிழமை பொன்னாத்தாள் வந்தாள்.
பல்வலிக்கு மெடிக்கலில் விற்கும் சின்னக் குப்பி,
பழைய வேட்டித் துணி ஒரு கிழிசல்.
பெஞ்சில் உட்கார்ந்து,
நுனியிலிருந்து பிடிவரை
ஒரே திசையில் துடைத்தாள்.
ஸ்டேஷன் முழுக்கப் பிரியாணி வாசம்.

விதி இருக்கிறதே, பேனாவை எடுத்தேன்.
பொருளோடு என்ன சம்பந்தம்?

‘ஜோடி இல்லைன்னு எழுதிக்குங்க’ என்றாள்,
குப்பியை மூடாமல்.